பள்ளத்தூரில் புது வீடு: செங்கலா, சாம்பல் கல்லா? மாமியாருக்கு இளைப்பு இருக்கிறது

மூன்றாங்கட்டு எழுதியது:

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூரில் எங்கள் பெரிய வீட்டில் எங்களுக்கு வந்த பங்கு, மூன்றாங்கட்டில் (மூன்றாவது முற்றத்துப் பகுதி) ஓர் அறை, ஒரு தாழ்வாரம், கிணற்றில் பாதி. (பாதிக் கிணறு எப்படி என்று கேட்காதீர்கள், பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது.) மழை பெய்தால் தாழ்வாரத்தில் நான்கு இடத்தில் அண்டா வைக்கிறோம். ஓடு மாற்றப் பங்காளிகள் பதினொரு பேர் சம்மதிக்க வேண்டும். அதில் நான்கு பேர் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்றே எங்களுக்குத் தெரியாது. அதனால் கொல்லைக்குப் பின்னால் எங்கள் பெயரில் இருக்கும் மனையில் 1,150 சதுர அடிக்கு ஒரு வீடு கட்டப் போகிறோம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். பணம் அங்கிருந்து வருகிறது, வெயிலில் நிற்கப்போவது நான். கையில் 30 லட்சம் இருக்கிறது. அதற்கு மேல் கடன் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

வீட்டில் இருக்கப்போவது நான், ஆறு வயது மகள், மாமியார். மாமியாருக்கு நெடுநாளாக இளைப்பு. ஐப்பசி பிறந்தால் இன்ஹேலர் வெற்றிலைப் பெட்டிக்குள் குடியேறிவிடும், எப்போதும் கைக்கு எட்டும் இடம் அதுதான்.

ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பொறியாளர் ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக் குமிழி நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) என்கிறார்: எடை குறைவு, வெயிலின் சூடு உள்ளே வராது. மேஸ்திரி மானாமதுரைப் பக்கத்துச் சூளைச் செங்கலைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்கிறார். சாம்பல் கல் (ஃபிளை ஆஷ்) ஒன்று 8 ரூபாய், செங்கல் 11 ரூபாய் என்று எனக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். சாம்பல் கல்லில் விஷம் இருக்கிறது என்று மகளின் பள்ளிக்கூட வாசலில் ஒருவர் பயமுறுத்தினார். கணவருக்கு அடுப்படி மேடைக்கு வெள்ளைக் குவார்ட்ஸ் வேண்டும், அங்கே எல்லா வீட்டிலும் அதுதானாம். மாமியாருக்கு ஒரே பேச்சு: "சிமென்ட் சுவர் வியர்க்கும். முட்டைப் பூச்சு பூசு." (முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சைச் சொல்கிறார்.) தரைக்கு எனக்கு ஆத்தங்குடிக் கல் வேண்டும், ஆனால் சதுர அடிக்கு வேலையோடு 135 ரூபாய் சொல்கிறார்கள். விட்ரிஃபைடு டைல்ஸ் என்றால் 80 ரூபாயில் முடியும். நிலைக்கதவு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழையது ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், பச்சை வண்ணம் பூசிய பர்மாத் தேக்கு.

உடம்புக்கும் ஆகாமல், ஊருக்கும் கெடுதலாக, விலையும் கூடியதாக எதையாவது கட்டிவிட்டு ஆயுசுக்கும் புலம்பக் கூடாது. எதில் பணத்தைப் போடுவது, எதில் குறைப்பது?

சொல்ல மறந்துவிட்டேன். நான் சீடை, மனகோலம், அதிரசம் செய்து விற்கிறேன். அதற்குப் பின்பக்கம் ஒரு கொட்டகை, மூன்று விறகடுப்பு. இப்போதைய கொட்டகையில் இருக்கும் பழைய சிமென்ட் ஷீட்டையே கழற்றிப் புதிய கொட்டகைக்குப் போட்டால் 18,000 ரூபாய் மிச்சம் என்கிறார் மேஸ்திரி. இரண்டு ஷீட் மட்டும் உடைந்திருக்கிறது.

தூக்குக்குண்டு எழுதியது:

அம்மா, முப்பத்தொரு வருடம் அரசுக் கட்டடங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்வியில் முக்கியமானதைக் கடைசியில் "மறந்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன்.

முதலில் நீங்கள் கேட்காதது ஒன்று. கான்கிரீட் கலக்க எந்தத் தண்ணீர்? போர்வெல் தண்ணீர் என்றால் ஒரு பாட்டில் பிடித்துச் சோதனைக்குக் கொடுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி. நம் பக்கத்தில் உப்புத் தண்ணீர் ஊருக்கு ஊர் மாறும். உப்பு ஏறிய கான்கிரீட்டில் கம்பி துருப்பிடித்து ஊதும், பத்துப் பதினைந்து வருடத்தில் கூரை அடியில் காரை பெயர்ந்து விழும். காரைக்குடியில் 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) தலைமுறை தலைமுறையாகத் துருவை ஆராய்கிறார்கள். நாமோ அதே ஊரில் உப்புத் தண்ணீரில் கான்கிரீட் கலக்கிறோம்.

கல்லுக்கு வருகிறேன். உங்கள் அளவுக்கு 22,000 கல் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், கல்லுக்கு 3 ரூபாய் வீதம் 66,000 ரூபாய் வித்தியாசம். அதே வீட்டை 1,150-லிருந்து 980 சதுர அடியாகச் சுருக்கினால்? சதுர அடி 2,400 ரூபாய் என்று போட்டால் 4,08,000 ரூபாய் மிச்சம். சிமென்ட், கம்பி, மணல் எல்லாமே அந்த அளவுக்குக் குறையும். சுற்றுச்சூழல் என்று பேசுகிறவர்கள் எந்தக் கல் என்று மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள், யாருக்கும் வேண்டாத ஓர் அறையைக் கட்டாமல் விடு என்று சொல்லமாட்டார்கள். வருடத்துக்கு ஒரு முறை சிங்கப்பூரிலிருந்து வருகிறவருக்குத் தனி அறை எதற்கு? (குடும்பச் சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.)

சாம்பல் கல்லில் விஷம் என்பது பாதி உண்மை. அனல்மின் நிலையச் சாம்பலில் கன உலோகங்கள் கொஞ்சம் உண்டு. கல்லாக இறுகி, பூச்சுக்குள் போன பிறகு அது உங்கள் மூக்குக்கு வராது. அறுக்கும்போது பறக்கும் தூசியில்தான் வம்பு, அது செங்கலுக்கும் பொருந்தும். அந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை, வயல் மேல்மண்ணும் போவதில்லை. தரம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு சுலபமான சோதனை: காய்ந்த கல்லை எடை போடுங்கள், 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு மறுபடி எடை போடுங்கள். எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடினால் அந்தக் கல் வேண்டாம். செங்கலுக்கும் இதே கணக்குத்தான். ஏ.ஏ.சி. பிளாக் நல்ல பொருள், ஆனால் உங்கள் மேஸ்திரி அதில் கட்டிப் பழகாதவர் என்றால் விட்டுவிடுங்கள். பழகாத கையில் பூச்சு வெடிக்கும்.

சுண்ணாம்பு என்றால் புனிதம், சிமென்ட் என்றால் பாவம் என்ற பேச்சும் எனக்குப் பிடிப்பதில்லை. 100 கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு, 44 கிலோ கரியமில வாயு. இது வேதியியல், முன்னோர் சுட்டாலும் அதேதான். வித்தியாசம் இரண்டு. சுண்ணாம்புக்கு 900 டிகிரி போதும், சிமென்ட்டுக்கு 1,450 வேண்டும். சுவரில் பூசிய சுண்ணாம்பு இறுகும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவில் பெரும்பகுதியைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். சிமென்ட் வாங்கும்போது பி.பி.சி. (போசோலானா சிமென்ட்) கேளுங்கள், அதில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் கலந்திருக்கும். வீட்டுக்கு அது தாராளமாகப் போதும். உங்கள் மதிப்பீடு 2025 செப்டம்பர் 22-க்கு முன்னால் போட்டது என்றால் மறுபடி போடச் சொல்லுங்கள். அன்றுதான் சிமென்ட் மீதான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது.

இப்போது கொட்டகை. இளைப்புக்காரரை வைத்துக்கொண்டு எந்தக் கல் என்று கேட்கிறீர்கள். மூன்று விறகடுப்புப் புகை அவர் நெஞ்சுக்குள் தினமும் போகிறது. சுவரை வெள்ளியால் கட்டினாலும் அது நிற்காது. 22,000 கல்லைப் பற்றி யோசித்ததில் பாதியைப் புகைபோக்கி பற்றி யோசியுங்கள்.

அந்தப் பழைய ஷீட்டைத் திரும்பப் போடாதீர்கள். பழைய சிமென்ட் ஷீட் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வதே நல்லது. நம் நாட்டில் அதை வெட்டியெடுப்பதற்கான குத்தகையைப் புதுப்பிப்பதில்லை, ஆனால் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து ஷீட் போடுகிறார்கள். புற்றுநோய் வரவழைக்கும் பொருள் என்பதில் இரண்டு கருத்து கிடையாது. சும்மா கிடக்கும் ஷீட்டைவிட உடைந்தது, துளை போட்டது, பிளேடால் அறுத்தது பல மடங்கு மோசம். கழற்றும்போது நன்றாக நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்கித் தடித்த பாலித்தீனில் சுற்றச் சொல்லுங்கள். துணி முகமூடி ஆஸ்பெஸ்டாஸின் நுண்ணிய இழையைத் தடுக்காது. எங்கே ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேளுங்கள். மகளையும் மாமியாரையும் அன்று வேறு ஊருக்கு அனுப்பிவிடுங்கள்.

கரணை எழுதியது:

ஆச்சி, நான் கொத்தனார் மகன், நானும் கொத்தனார். அப்பா பூசிய முட்டைப் பூச்சுச் சுவர்கள் இன்றைக்கும் கானாடுகாத்தானில் கண்ணாடி மாதிரி நிற்கின்றன. ஆகவே உங்கள் மாமியார் கட்சிதான் நான். ஆனாலும் வீடு முழுக்க வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன்.

சுண்ணாம்பை நீற்றி, புளிக்கவிட்டு, கடுக்காய் ஊறலும் கருப்பட்டியும் சேர்த்துக் கலவை. அதன் மேல் இன்னொரு பூச்சு, அதற்கும் மேல் இன்னும் மெல்லியது. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகுதான் அடுத்தது. கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, உருண்டைக் கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு முழச் சுவருக்கு ஓர் ஆள் அரை நாள் குந்தியிருப்பார். கூலிதான் விலை, பொருள் அல்ல. இதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். வெள்ளைச் சிமென்ட்டைப் பூசி மெழுகு தேய்த்துவிட்டுச் செட்டிநாட்டுப் பூச்சு என்று பில் போடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். கலவை கலக்கும் இடத்தில் நின்று பாருங்கள். கடுக்காய் நாற்றம் வரவில்லை என்றால் ஏமாற்று.

மாமியார் படுக்கும் அறைக்கும் பட்டாலைக்கும் (கூடம்) மட்டும் சுண்ணாம்புப் பூச்சு போடுங்கள். மற்ற அறைகளுக்குச் சிமென்ட் பூச்சு, அதன் மேல் வெள்ளை அடியுங்கள், பட்டி (சுவரை வழவழப்பாக்கப் பூசித் தேய்க்கும் மாவு) பார்க்கவே வேண்டாம். பட்டி தேய்க்கும் நாளில் அந்தத் தூசி பக்கத்துத் தெருவரைக்கும் போகும். சுண்ணாம்புச் சுவருக்கு மேலே தயவுசெய்து எமல்ஷன் அடிக்காதீர்கள். சுவர் குடித்த ஈரத்தை வெளியே விட முடியாமல் கொப்புளம் விடும். பழைய வீடுகளைப் புதுப்பிக்கிறேன் என்று சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட்டை அப்பி, மறு வருடமே பாளம் பாளமாக விழுந்ததை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். "சிமென்ட் சுவர் வியர்க்கும்" என்று உங்கள் மாமியார் சொல்வது இதைத்தான்.

வேலையைத் தையில் தொடங்குங்கள். ஐப்பசி கார்த்திகையில் பூசினால் காயாது, பூஞ்சை பிடிக்கும், இளைப்புக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. கிரகப்பிரவேசம் முடிந்த மறுநாளே குடிபோகாதீர்கள். இரண்டு மாதம் ஜன்னலைத் திறந்து போடுங்கள்.

ஆத்தங்குடிக் கல்லுக்கு வருகிறேன். அது அடுப்பு ஏறாத கல். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணச் சிமென்ட் கரைசலை ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே உலர்ந்த மணல் சிமென்ட் தூவி, பிறகு கலவையை அப்பி மட்டம் தட்டுவார்கள். தண்ணீர்த் தொட்டியில் சில நாள் கிடந்து, காய்ந்து, கண்ணாடியை உரித்தால் அந்தக் கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். நீங்கள் சொல்லும் 80 ரூபாய்க் கல் பெரும்பாலும் குஜராத்தில் மோர்பியில் 1,200 டிகிரியில் சுட்டு, ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் லாரியில் வருவது. ஆத்தங்குடி உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் அடுப்படியில் அதைப் போடாதீர்கள், ஆச்சி. அது சிமென்ட் கல். எலுமிச்சையும் புளியும் பட்டால் பளபளப்பு அரித்துவிடும், மஞ்சள் போட்ட கறை போகாது. ஆசிட் ஊற்றிக் கழுவினால் அன்றோடு முடிந்தது. முகப்பு, பட்டாலை, அறைகள் வரைக்கும் போதும்.

குவார்ட்ஸ் மேடை வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். உங்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அறுக்கிற பையனுக்கு ஆகும். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிலிக்கா. அந்தப் பொடி நுரையீரலில் தங்கினால் திரும்பாது. ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை முதல் அதையே தடை செய்துவிட்டார்கள். கறுப்புக் கிரானைட்டிலும் சிலிக்கா கொஞ்சம் உண்டு, அதையும் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். என் மச்சான் கிரானைட் பட்டறையில் இருந்தான். இப்போது மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவான்.

வெயில் எழுதியது:

இவ்வளவு எதற்கு? எந்தக் கல்லாக இருந்தாலும் ஏ.சி. போட்டால் எல்லாம் ஒன்றுதான்.

தூக்குக்குண்டு எழுதியது:

கரண்ட் பில்லை நீங்கள் கட்டுகிறீர்களா? மொட்டைமாடியில் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு, மேலே தட்டை ஓடு பதித்து வெள்ளை அடித்தால் கூரையின் சூடு நன்றாகக் குறையும். அதற்குப் பில் வராது.

பச்சைக்கதவு எழுதியது:

கதவைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். நானும் அதே தெருவில் ஒரு ஜோடிக் கதவு வாங்கினேன், நீலம். வண்ணத்தை எடுத்தால் உள்ளே தேக்கு ரேகை தெரியும் என்ற ஆசை. ஆசாரி மின்சார உப்புக்காகித இயந்திரத்தால் வீட்டு முற்றத்திலேயே இரண்டு நாள் தேய்த்தார். நீலப் பொடி துளசி மாடத்தின் மேல் படிந்திருந்தது. மகன் அப்போது தவழும் வயது. பிறகு அவனுக்குச் சோர்வும் வயிற்றுவலியும் வந்து, டாக்டர் இரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொன்னார். கூடுதலாக இருந்தது. இப்போது நன்றாக இருக்கிறான், ஆனால் அந்த ஐந்து மாதம் நான் தூங்கவில்லை.

நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் பச்சைக் கதவு அதற்கு எத்தனையோ தலைமுறை முந்தியது. வாங்குங்கள், நல்ல மரம். ஆனால் வீட்டில் வைத்துத் தேய்க்காதீர்கள், சுடர் காட்டி உரிக்கவும் கூடாது. வண்ணம் உறுதியாக ஒட்டியிருந்தால் அப்படியே விட்டு மேலே புது வண்ணம் பூசி மூடிவிடலாம். உரிந்துகொண்டிருந்தால் அந்தக் கதவே வேண்டாம்.

அலமாரிக்குப் பிளைவுட் வாங்கினால் ஈ-1 தரம் என்று கேட்டு வாங்குங்கள். மட்டமான பலகையின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு மாதக்கணக்கில் கசியும். புது அலமாரியைத் திறந்ததும் கண் எரிகிறதே, அதுதான்.

மூன்றாங்கட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

கல்லைப் பலகாரத் தராசில் எடை போட்டேன். மேஸ்திரியின் சூளைச் செங்கல் காய்ந்தபோது 3 கிலோ 100 கிராம், ஒரு நாள் அண்டாவில் ஊறிய பிறகு 3 கிலோ 800. சாம்பல் கல் 3 கிலோவிலிருந்து 3 கிலோ 400-க்கு ஏறியது. கணக்குப் போட்டால் செங்கல் 22 சதவீதத்தைத் தாண்டுகிறது, சாம்பல் கல் 13-ல் நிற்கிறது. மேஸ்திரியைக் கூப்பிட்டு இரண்டையும் காட்டினேன். தராசு சரியில்லை என்றார். அதே தராசில்தான் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாற்பது கிலோ சீடை வாங்கினார், அன்றைக்குச் சரியாக இருந்தது. இப்போது சாம்பல் கல்லுக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்.

வீடு 1,000 சதுர அடியாகிவிட்டது. கணவருடைய தனி அறை போனதைப் பற்றி அவர் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு குவார்ட்ஸும் போனது என்று சொன்னதும் பேசிவிட்டார், கோபத்தில். கறுப்புக் கிரானைட்தான். முனீஸ்வரன் கோயில் தெருக் கதவைப் போய் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், பச்சை செதிலாக உரிந்து வந்தது. கை கழுவிவிட்டு வந்துவிட்டேன். தண்ணீர் சோதனைக்குப் போயிருக்கிறது, இன்னும் முடிவு வரவில்லை.

மாமியார் அறைக்கும் பட்டாலைக்கும் சுண்ணாம்புப் பூச்சு, தையில். தூக்குக்குண்டு ஐயா சொன்ன மிச்சத்தில் பெரும்பகுதி கொட்டகைக்குப் போகிறது. ஷீட் வேண்டாம், மங்களூர் ஓடு. உச்சியில் ஓர் அடி இடைவெளி விட்டு மேலே தனியாக ஒரு சின்னக் கூரை, புகை அப்படியே வெளியேற. அடுப்பில் இரண்டை எரிவாயுவுக்கு மாற்றுகிறேன். அதிரசத்துக்கு மட்டும் ஒரு விறகடுப்பு இருக்கும், அதை விடச் சொல்லாதீர்கள், விடமாட்டேன். அதற்குத் தனியாகப் புகைபோக்கி.

மாமியாரிடம் புகைதான் உங்கள் இளைப்புக்குக் காரணம் என்று இங்கே சொல்கிறார்கள் என்றேன். "அப்படியென்றால் சுண்ணாம்புப் பூச்சு வேண்டாம் என்று சொல்லப் போகிறாயா?" என்று கேட்டார்.

கரணை தம்பிக்கு ஒரு கேள்வி. முட்டை வெள்ளைக்கருவை எடுத்த பிறகு மஞ்சள் கருவை எல்லாம் என்ன செய்வார்கள்?

கரணை எழுதியது:

வேலை நடக்கும் வீட்டில் அந்த வாரம் முழுக்க முட்டைப் பொரியல்தான், ஆச்சி. ஆட்களுக்குச் சோறு போடும்போது கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.